வைப்பாற்று வழியில் வண்டிப்பேட்டைகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியின் சரக்குப் போக்குவரத்து வரலாறு

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். மலையைப் பார்த்தபடி இருந்தாலும் இவற்றின் வணிகம் பல நூற்றாண்டுகளாகக் கடலை நம்பி நடந்தது. இந்த மலைச்சரிவில் பெய்யும் மழை காயல்குடியாறு, தேவியாறு, அர்ச்சுனா நதி போன்ற சிற்றாறுகளாக இறங்கி வைப்பாற்றில் சேருகிறது. வைப்பாறு வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் வழியாகக் கிழக்கே ஓடி, வைப்பாறு என்ற பெயருடைய கடற்கரை ஊருக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் தலைப்பகுதியில் நெல்லும் தோட்டப்பயிரும், நடுவில் கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும், முகத்துவாரத்தில் உப்பும் மீனும் விளைந்தன. ஒரு பகுதியில் இல்லாதது மற்றொன்றில் இருந்ததால் சரக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. இரயில் வரும்வரை அந்தச் சரக்கைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். அந்த வண்டிகள் கூட்டமாகத் தங்கிச் செல்ல எழுந்தவை வண்டிப்பேட்டைகள். இன்று தென்மாவட்டங்களில் கடைத்தெருவாகவும் பள்ளிக்கூடமாகவும் வணிகர் சங்கமாகவும் நிற்கும் பலவற்றுக்கு இந்தப் பேட்டைகளில்தான் விதை விழுந்தது.

உமணர் முதல் பொதிமாடு வரை

கடற்கரைச் சரக்கு உள்நாட்டுக்கு வருவது இப்பகுதியில் மிகப் பழைய வழக்கம். வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் வளையல் செய்து கழித்த துண்டுகளும் பாசிமணிகளும் கிடைத்திருக்கின்றன. சங்கு மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படுவது. கடலிலிருந்து பல கல் தொலைவில் உள்ள ஓர் ஆற்றங்கரை ஊரில் சங்கு அறுக்கும் தொழில் நடந்திருக்கிறது என்றால், கடற்கரையோடு முறையான போக்குவரத்து இருந்திருக்க வேண்டும்.

உப்பு வணிகரான உமணர் வண்டிகளில் உப்பேற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்றதைச் சங்க இலக்கியம் பல இடங்களில் பேசுகிறது. அவர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு குறிப்பிடுகிறது. வழியில் அச்சு முறிந்தால் உதவிக்கு ஆள் இல்லாத பயணம் அது. வணிகர் கூட்டமாகச் செல்வதைச் சாத்து என்றனர். இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்களுக்கெனக் காவல் வீரர்களை வைத்துக்கொண்டன. வணிக வழிகளில் எறிவீரப்பட்டணம் எனப்பட்ட காவல் நகரங்களையும் ஏற்படுத்தின. கொண்டுசெல்லும் சரக்கின் மீது தாங்களே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு கோயிலுக்கும் குளத்துக்கும் வழங்கின. கூட்டமாகச் செல்லுதல், காவலோடு தங்குதல், பொதுவுக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் என்ற மூன்றும் பிற்கால வண்டிப்பேட்டைகளில் மீண்டும் காணப்படுகின்றன.

நல்ல சாலை இல்லாத இடங்களில் வண்டியைவிடப் பொதிமாடுகளே பயன்பட்டன. மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கும்படி சாக்கைப் போட்டு, ஓடை, மேடு, மலைப்பாதை என்று பாராமல் ஓட்டிச் சென்றார்கள். கடற்கரை உப்பு இவ்வாறு உள்ளூர்ச் சந்தைகளுக்கு வந்தது. மலைக்கு அப்பாலிருந்து மிளகும் பாக்கும் இப்படியே இறங்கின.

சாலை, சாவடி, மண்டபம்

மதுரை நாயக்கர் ஆட்சியில் ஸ்ரீவில்லிபுத்தூர் முக்கியமான ஊராயிற்று. ஆண்டாள் கோயில் அதற்கு அடிப்படை. திருமலை நாயக்கர் இங்கே ஓர் அரண்மனை கட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்த செய்தி மணியோசையாக மதுரைக்கு எட்டும்படி வழிநெடுக மண்டபங்களை அவர் கட்டினார் என்பது இவ்வட்டாரத்தில் வழங்கும் செய்தி. அந்த மண்டபங்களில் சில இன்றும் சாலையோரத்தில் நிற்கின்றன. பின்னாளில் வழிப்போக்கருக்கும் வண்டிக்காரருக்கும் அவை வெயிலுக்கு ஒதுங்கும் இடமாயின.

1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதற்கும் சத்திரம் கட்டியதற்கும் பெயர் பெற்றவர். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் பல இடங்களில் வழங்குகிறது. சாலையின் இருபுறமும் புளி, ஆல், வேம்பு போன்ற நிழல்மரங்கள் நடப்பட்டன. சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், மாடு குடிக்கக் கல்தொட்டி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சி கல், கோடையில் தண்ணீர்ப்பந்தல் என்று சாலையோர அறங்கள் பலவாகப் பெருகின. சுமைதாங்கிக் கற்களைப் பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்களின் நினைவாக உறவினர் நாட்டுவது வழக்கம். தலைச்சுமைக்காரர் பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கவும் மீண்டும் தலையில் ஏற்றவும் தோள் உயரத்தில் குறுக்குக் கல் வைத்து அவை அமைக்கப்பட்டன.

இதே நாயக்கர் நூற்றாண்டுகளில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் இப்பகுதியில் குடியேறினர். பழையபாளையம், புதுப்பாளையம் என்ற இரு குடியிருப்புகள் வளர்ந்து ராஜபாளையம் ஆயிற்று. கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் மாந்தோப்புகளும் பருத்திக் காடுகளும் இவ்வூரின் வளத்துக்கு அடிப்படையாக இருந்தன. விளைந்ததை விற்க வேண்டுமானால் வண்டி பூட்ட வேண்டும்.

பருத்தி கடலுக்குப் போன காலம்

1801-ல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. வழிப்பயணம் முன்னைவிடச் சற்றுப் பாதுகாப்பானது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றுடன் நாடார் வணிகர்கள் வடக்கே கரிசல் நாட்டுக்கு வண்டிகளில் வரத் தொடங்கினர். திரும்பும்போது பருத்தியும் தானியமும் ஏற்றிச் சென்றனர். சிவகாசி, சாத்தூர், விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் நிலைத்துக் கடை வைத்தனர். விருதுபட்டிதான் பின்னாளில் விருதுநகர் ஆனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1985-ல் அது பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. முன்பு திருநெல்வேலியோடு இருந்ததால்தான் இப்பகுதியின் பருத்தி உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் விலைபோனது. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி கரிசலில் மானாவாரியாக விளைந்தது. ஐப்பசி மழைக்கு விதைத்து, மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை காய் எடுப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தபிறகு கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் நிலங்களிலும் பருத்தி பரவியது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு போவதைத் தடுத்தது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. கரிசல் நிலத்தில் தானியம் விதைத்த இடத்திலும் பருத்தி விதைக்கப்பட்டது. பருத்தி எடுக்கும் மாதங்களில் மலையடிவாரத்திலிருந்து தூத்துக்குடி நோக்கி வண்டிகள் தொடர்ந்து சென்றன. தூத்துக்குடியில் கடல் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நின்றன. வண்டியில் வந்த பஞ்சு அழுத்தகத்தில் இறுக்கிக் கட்டப்பட்டுத் தோணி ஏறிக் கப்பலுக்குப் போனது. வண்டிகள் திரும்பும்போது உப்பும் கருவாடும் கருப்பட்டியும் ஏற்றி வந்தன. போகும்போதும் வரும்போதும் பாரம் கிடைத்தால்தான் வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும். 1805 முதல் உப்பு விற்பனை ஆட்சியாளரின் ஏகபோகமாக இருந்தது. அரசுக் கொட்டாரத்தில் பணம் கட்டி அளந்து வாங்கிய உப்பே உள்நாட்டுக்கு வந்தது.

வண்டியும் வண்டிக்காரரும்

பார வண்டி செய்வது தச்சாசாரியும் கொல்லாசாரியும் சேர்ந்து முடிக்கும் வேலை. சக்கரத்தின் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. உழைப்புத் தாங்கும் கருவேல மரம் இவற்றுக்கு ஏற்றது. நுகத்தடிக்கு மாட்டின் கழுத்தை உறுத்தாத இலேசான மஞ்சணத்தி விரும்பப்பட்டது. சக்கரத்துக்குப் பட்டா போடுவது ஒருநாள் வேலை. சக்கரச் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வளைத்த இரும்புப் பட்டையைத் தரையில் கிடத்தி, எருவாட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு பழுத்து விரிந்ததும் நான்கைந்து பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின் மீது இறக்கி, சம்மட்டியால் தட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் குடத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி அடித்துப் பொருத்திய சக்கரம் நொடியில் ஆடிப்போகும். இப்படிப் பட்டா போட்டது பல ஆண்டு தாங்கும்.

அச்சுக்கு மசகு போடுவது வண்டிக்காரரின் அன்றாடக் கடமை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை மூங்கில் குழாயில் நிரப்பி வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். மசகு வறண்டால் அச்சு தேயும், மாட்டுக்குப் பாரம் கூடும். மாடுகளில் காங்கேயம் காளைகளுக்கு மதிப்பு அதிகம். கழுகுமலை மாட்டுச் சந்தை இவ்வட்டாரத்து வண்டிக்காரர் மாடு மாற்றிக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது. தொலைப்பயணம் போகும் மாட்டுக்கு லாடம் கட்டாயம். மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டி, பிளவுபட்ட குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு லாடமாக எட்டு லாடம் அடிப்பார்கள். மாட்டுத் தீனிக்காக வண்டியிலேயே வைக்கோலும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் ஏற்றப்பட்டன.

கோடையில் பகல் வெயிலில் பாரம் இழுத்தால் மாடு தளர்ந்துவிடும். அதனால் பயணம் பெரும்பாலும் இரவில் நடந்தது. பொழுது சாயும் நேரத்தில் வண்டி பூட்டி, விடியும்வரை போவார்கள். பாரம் ஏற்றிய மாடு மணிக்கு இரண்டு மைல் அளவில் நடக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் தங்கல்களோடு போக ஐந்தாறு இரவுகளாவது ஆகும். சரக்கை இறக்கி, கணக்கு முடித்து, திரும்பு பாரம் பிடித்து ஊர் திரும்ப இரண்டு வாரம் கழிந்துவிடும்.

வண்டிகள் தனியே போவதில்லை. பத்து, இருபது என்று சேர்ந்து சாரியாகப் போகும். பழகிய மாடுகள் முன்வண்டியைப் பின்பற்றி நடக்கும் என்பதால் நடுவில் வருபவர்கள் பாரத்தின் மேல் சாய்ந்து கண்ணயர முடியும். தலைவண்டிக்காரரும் கடைசி வண்டிக்காரரும் உறங்கக் கூடாது. தலைவண்டிக்காரர் பள்ளம், ஓடை, பிரிவு பார்த்து ஓட்ட வேண்டும். பின்னால் வரும் திருடன் கயிற்றை அறுத்து மூட்டையை உருட்டிவிடக்கூடும் என்பதால் கடைசி வண்டியில் விழிப்பான ஆள் தேவை. மாட்டுக் கழுத்துச் சலங்கை ஒலி வைத்தே சாரி அறுபடாமல் வருகிறதா என்று முன்னே போகிறவர் அறிவார். தூக்கம் விரட்டத் தெம்மாங்கு பாடுவார்கள். வண்டிக்காரன் பாட்டு என்ற வகையே தென்மாவட்ட நாட்டுப்பாடல்களில் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் தொகுத்த நாட்டுப்பாடல்களில் தெற்கத்தித் தொழிலாளரின் பாட்டுகள் பல அச்சேறியதால் அந்த உழைப்பின் குரல் முற்றிலும் மறையாமல் இருக்கிறது.

ஆற்றுமணலில் தங்கல்

வைப்பாறு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும், பின் சில மாதங்களில் மணலாகிவிடும். பருத்தி வண்டிகள் ஓடிய கோடை மாதங்களில் ஆற்றின் மணற்பரப்பே நல்ல தங்குமிடமாக இருந்தது. மேலே மணல் சுட்டாலும் முழங்கையளவு தோண்டினால் ஊற்று சுரக்கும். அந்தத் தண்ணீர் கரிசல் கிணறுகளின் உவர்ப்பு இல்லாதது. வண்டிகளைக் கரையோர மரநிழலில் அவிழ்த்துவிட்டு, மாடுகளைக் குளிப்பாட்டி, மூன்று கல் கூட்டி அடுப்பு வைப்பார்கள். கம்பங்களி அல்லது சோளச் சோறு, அதற்குச் சுட்ட கருவாடோ வெங்காயமோ மிளகாய்த் துவையலோ துணை. புறப்பட்ட முதல் நாளுக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த புளிச்சோறு இருக்கும். சாத்தூர்ப் பக்கம் ஆற்றுப்படுகையில் விளைந்த வெள்ளரிக்காய் வழிப்போக்கருக்கு விருப்பமான தின்பண்டம். சாத்தூர் வெள்ளரி என்ற பெயர் இன்றும் இரயில் பயணிகளுக்குத் தெரியும்.

ஆற்றைக் கடப்பதுதான் கடினம். பாரம் ஏற்றிய சக்கரம் மணலில் புதையும். ஒரு வண்டியைக் கடத்த அடுத்த வண்டியின் மாடுகளையும் சேர்த்துப் பூட்டி, ஆட்கள் சக்கரத்துக்குத் தோள் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் கரிசல் மண் குழைந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஆறும் ஓடையும் பெருகிவிட்டால் வெள்ளம் வடியும்வரை கரையிலேயே கிடக்க வேண்டும். இந்தக் காரணத்தால் கரிசல் நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வண்டித் தொழிலுக்கு ஓய்வு மாதங்களாயின.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்குச் சுற்றுவட்டார மக்கள் குடும்பத்தோடு கூண்டு வண்டி கட்டி வந்து ஆற்றுப்படுகையிலேயே தங்கிப் பொங்கலிட்டு நேர்த்திக்கடன் செலுத்தினர். சரக்கு வண்டி தங்கும் முறைக்கும் திருவிழா வண்டி தங்கும் முறைக்கும் வேறுபாடு அதிகமில்லை. வண்டியே வீடு, வண்டியின் நிழலே படுக்கை, அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கே வெளிச்சம்.

காவலும் துப்புக்கூலியும்

வழிப்பறி அந்நாளின் பெரிய அச்சம். ஊர்களையும் சாலைகளையும் காப்பதற்குத் தென்பாண்டி நாட்டில் காவல் முறை ஒன்று பரம்பரையாக இருந்தது. பெரும்பாலும் மறவர் குடியினர் இந்த உரிமையைக் கொண்டிருந்தனர். ஊர்க்காவலுக்கு ஊரார் தானியமாகவோ பணமாகவோ கூலி தந்தனர். காவலில் பொருள் களவு போனால் காவல்காரர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாளையக்காரர்கள் பெரிய பரப்புக்குத் திசைகாவல் என்ற பெயரில் வரி வாங்கினர். கம்பெனி ஆட்சி திசைகாவலை ஒழித்துத் தன் போலீசை வைத்தபின்னும் ஊர்க்காவல் நெடுங்காலம் தொடர்ந்தது.

காவல் முறை சீர்கெட்ட இடங்களில் துப்புக்கூலி என்ற வழக்கம் நிலவியது. மாடு களவு போனால், அது இருக்கும் இடத்தைச் சொல்லி மீட்டுத்தர இடையாள் ஒருவர் பணம் கேட்பார். வண்டிக்காரருக்கு மாடுதான் முதல். வழக்கு, விசாரணை என்று போனால் நாளும் போகும் மாடும் போகும் என்பதால் பலர் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொண்டனர். இரவில் நடுக்காட்டில் வண்டி அவிழ்ப்பதற்குப் பதிலாக, மதிலும் காவலும் உள்ள ஓர் இடம் வேண்டும் என்ற தேவை இப்படித்தான் வலுத்தது.

பேட்டையும் மகமையும்

அந்தத் தேவைக்கு நாடார் வணிகர்கள் தாங்களே கண்ட விடை வண்டிப்பேட்டை. ஓர் இரவில் மாடு நடக்கும் தொலைவைக் கணக்கிட்டு, வழியிலுள்ள ஊர்களில் நிலம் வாங்கிச் சுற்றிலும் மதில் எழுப்பினர். ஒரே வாசல், அதற்குப் பெரிய கதவு. உள்ளே வண்டிகள் நிற்க வெளி, மாடு கட்ட முளைகள், கிணறு, தண்ணீர்த் தொட்டி, சரக்கு வைக்கக் கொட்டகை, ஆட்கள் படுக்கத் திண்ணை. பொழுது விடிந்து வண்டிகள் வந்து சேர்ந்ததும் வாசலில் புல்லுக்கட்டு விற்கும் பெண்களும், இட்லி, பணியாரக் கடைக்காரர்களும், லாடம் அடிப்பவர்களும், அச்சு திருத்தும் ஆசாரிகளும் கூடிவிடுவார்கள். அக்காலத்தில் பொதுக் கிணறுகளிலும் பல சத்திரங்களிலும் நாடார்கள் அனுமதிக்கப்படவில்லை. தமக்கென்று கிணறும் தங்குமிடமும் வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பைத் தந்ததோடு மானத்தையும் காத்தது.

பேட்டையில் தங்குவதற்கும் சரக்கு விற்பதற்கும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். அதுவே மகமை, மகிமை என்றும் சொல்வார்கள். இத்தனை மூட்டைக்கு இவ்வளவு, இன்ன சரக்குக்கு இவ்வளவு என்று நாடார்களின் ஊர்ச் சமுதாய அமைப்பான உறவின்முறை கூடி விகிதம் வைத்தது. அதன் பொறுப்பாளர்களான முறைகாரர்கள் மாறி மாறிப் பொறுப்பேற்று வசூலித்து, கணக்கைக் கூட்டத்தில் படித்தார்கள். யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகாத பொதுப்பணம் இப்படிச் சேர்ந்தது. முதலில் அது மதிலுக்கும் கிணற்றுக்கும் காவலுக்கும் செலவானது. பின்பு கோயில், திருமண மண்டபம், பள்ளிக்கூடம் என விரிந்தது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை இத்தகைய சமுதாயப் பணத்தாலும் வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியாலும் நடந்த பள்ளி.

பேட்டை செய்தியும் கடனும் பிறக்கும் இடமாகவும் இருந்தது. தூத்துக்குடியில் பஞ்சு என்ன விலை, எந்த ஊரில் மழை பெய்தது, எந்தத் துறையில் உப்பு தேங்கியிருக்கிறது என்பவை திரும்பிவரும் வண்டிக்காரர் வாயாலேயே மலையடிவாரத்துக்கு எட்டின. தரகர்களும் கமிஷன் மண்டிக்காரர்களும் பேட்டையைச் சுற்றியே கடை போட்டனர். பருத்தி 500 பவுண்டு கொண்ட கண்டிக் கணக்கில் விலை பேசப்பட்டது. விலை பேசும் தரகரும் விற்கிறவரும் துண்டுக்கடியில் கைவைத்து, விரல்களைத் தொட்டு எண் சொல்லும் வழக்கம் மாட்டுச் சந்தையில் இன்றும் உண்டு. அறிமுகம் இல்லாதவருக்கு மண்டியில் கடன் கிடைக்காது. ஆனால் பேட்டையில் பெயர் உள்ளவரின் சொல்லுக்கு எழுத்தின்றியே பணம் கிடைத்தது. உறவின்முறையின் தண்டனைக்கு அஞ்சி வாக்குத் தவறாமை காக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

மேற்கே ஆரியங்காவுக் கணவாய்

கடற்கரைக்குப் போன வழியைப் போலவே மலைநாட்டுக்குப் போன வழியும் இவ்வூர்களுக்கு வாழ்வளித்தது. மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வந்து, சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று செல்லும் சாலை ஆரியங்காவுக் கணவாயில் மலையேறிப் புனலூர் வழியாகக் கொல்லத்தை அடைகிறது. மிளகாய், துணி, பருப்பு, மாடு ஆகியவை மேற்கே போயின. மிளகு, பாக்கு, தேங்காய், மரம் ஆகியவை கிழக்கே வந்தன. கணவாயில் ஏற்றம் கடினம். இறக்கத்தில் வண்டி மாட்டை முந்தாதபடி சக்கரத்தில் கட்டை கொடுத்துத் தடுக்க வேண்டும். காட்டு விலங்கின் அச்சமும் உண்டு. எனவே செங்கோட்டையிலும் தென்காசியிலும் வண்டிகள் காத்திருந்து கூட்டம் சேர்ந்தபின் மலையேறின. மேற்குக் கடற்கரைக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் இடையே சரக்கு மாறிய இந்த வழியில் ராஜபாளையம் ஒரு நடுத்தங்கலாக இருந்தது.

இரயில், ஆலை, லாரி

1876-ல் மதுரை – தூத்துக்குடி இரயில் பாதை திறக்கப்பட்டது. விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி ஆகியவை நிலையங்களாயின. வண்டித் தொழில் இதனால் அழியவில்லை, அதன் திசை மாறியது. தூத்துக்குடிவரை போன வண்டிகள் சாத்தூரோடும் விருதுபட்டியோடும் நின்றன. பயணம் குறுகியதால் ஒரு பருவத்தில் ஒரு வண்டி பல நடை அடிக்க முடிந்தது. நிலையத்தை ஒட்டி அரவை ஆலைகளும் கிட்டங்கிகளும் எழுந்தன. விருதுபட்டிச் சந்தை இந்தக் காலத்தில்தான் பெரிதாக வளர்ந்தது. ஹார்வி நிறுவனத்தார் 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை தொடங்கியதால், கடல் கடந்து போன பஞ்சின் ஒரு பகுதி இங்கேயே நூலாயிற்று.

1904-ல் செங்கோட்டை – கொல்லம் மலைப்பாதையில் இரயில் ஓடியது. ஆரியங்காவில் வண்டிகள் கூட்டம் சேர்ந்து மலையேறும் தேவை குறைந்தது. 1927-ல் விருதுநகர் – தென்காசி பாதை சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் திறக்கப்பட்டபோது இவ்விரு ஊர்களுக்கும் இரயில் வந்தது. இதன்பின் வண்டியின் வேலை வயலிலிருந்து நிலையம்வரை என்று சுருங்கியது.

அடுத்த மாற்றம் ஆலையால் வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதுவரை பருத்தியை வெளியே அனுப்பிய ஊர் தானே நூற்கத் தொடங்கியது. ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெசவு வளர்ந்தது. முன்பு வண்டியோட்டிய குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் ஆலை வேலைக்குப் போயினர். விடுதலைக்குப் பின் தார்ச்சாலையும் லாரியும் பரவியதும் இரவு வண்டிச் சாரிகள் நின்றுபோயின. டயர் சக்கரம் பூட்டிய வண்டிகள் உள்ளூர்ச் சுமைக்கு மட்டும் சில பத்தாண்டுகள் நீடித்தன.

எஞ்சி நிற்பவை

திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் பழைய வண்டித்தடத்தை ஒட்டியே போகிறது. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் என்பது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் ஊரின் நடுப்பகுதியின் பெயராகவும் வழங்குகிறது. வண்டிப்பேட்டை, பேட்டைத்தெரு என்ற பெயர்கள் தென்மாவட்ட ஊர்கள் பலவற்றில் உள்ளன. வண்டி நின்ற வெளிகள் வாரச்சந்தையாகவும் கடைத்தொகுதியாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறின. மகமை நிதியில் தொடங்கிய பள்ளிகளும் கல்லூரிகளும் இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி தருகின்றன. வைப்பாற்று முகத்துவாரத்தில் உப்பளங்களில் இன்றும் பாத்தி கட்டி உப்பு வாருகிறார்கள். அந்த உப்பு இப்போது லாரியில் ஏறுகிறது.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் பெரும்பாலும் அரசு ஆவணங்களில் இல்லை. உறவின்முறைகளின் மகமைக் கணக்கேடுகளிலும், பேட்டைக் கிணறுகளின் கல்வெட்டுகளிலும், சாலையோரச் சுமைதாங்கிகளிலும், வண்டியோட்டிய தலைமுறையின் நினைவிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. சாலை அகலமாகும்போது சுமைதாங்கியும் கல்தொட்டியும் பெயர்த்தெறியப்படுகின்றன. பழைய கணக்கேடுகள் எடைக்குப் போகின்றன. இரவு வண்டிச் சாரியில் போய்வந்தவர்களில் உயிரோடு இருப்பவர் மிகச் சிலர். சரக்கைச் சுமந்து ஊர்களை வளர்த்த அந்த உழைப்பாளிகளின் வரலாற்றை எழுத வேண்டுமானால் இந்தக் கணக்கேடுகளைப் படியெடுப்பதும், கற்களை அடையாளம் கண்டு காப்பதும், முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் இந்தத் தலைமுறையிலேயே நடந்தாக வேண்டும்.